இரத்தம் வன்னியில், ஆய்வாளர் கொழும்பிலா? சுகாதார ஆய்வு நிதித் தெரிவுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தெரிவுக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வன்னியில் வயல் வேலை செய்பவர்களின் சிறுநீரக நலம் பற்றி நாங்கள் அனுப்பிய ஆய்வு விண்ணப்பத்தை நீங்கள் நிராகரித்திருக்கிறீர்கள். நிராகரிப்பு எங்களுக்குப் புதிது இல்லை. பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அது சம்பளத்தோடு சேர்ந்து வருவது. இந்த மடலை எழுத வைத்தது உங்கள் கடிதத்தின் கடைசிப் பந்தி. "மருத்துவ பீடம் உள்ள ஒரு நிறுவனத்தைச் சேர்ந்த, ஏற்கெனவே நிலைபெற்ற ஆய்வுக் குழு ஒன்றின் களப் பங்காளிகளாக விண்ணப்பதாரர்கள் மீண்டும் விண்ணப்பிக்கலாம்" என்று அதில் எழுதியிருந்தீர்கள். நல்ல மனதோடுதான் எழுதியிருப்பீர்கள். ஆனால் வாசித்த எங்களுக்கு விளங்கியது இதுதான்: என்ன கேட்பது, எப்படித் தேடுவது என்பதை வேறு யாராவது தீர்மானிக்கட்டும், நீங்கள் ஊர் ஊராகப் போய்ச் சிறுநீரும் இரத்தமும் சேர்த்துக் கொடுங்கள்.

இதைப் பேசாமல் வாங்கிக்கொண்டு போக என்னால் முடியவில்லை. உங்கள் அமைப்பின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வேறு நிதிக் குழுக்களிடம் இதே சாயலில் பதில் வாங்கிய நண்பர்கள் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கிறார்கள், ஆகவே இது அந்தக் குழுக்களுக்கும் சேர்த்துத்தான்.

நாங்கள் கேட்டது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இதை வாசிக்கிற எல்லோரும் விண்ணப்பத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஊரில் "கிட்னி வருத்தம்" என்கிறார்கள். உங்கள் கோப்புகளில் அது காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய். 1990களில் வட மத்திய மாகாணத்தில், பதவியா, மதவாச்சி, மெதிரிகிரிய பக்கத்து விவசாயிகளிடம் இது கவனத்துக்கு வந்தது. நீரிழிவு இல்லை, உயர் இரத்த அழுத்தம் இல்லை, ஆனாலும் சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதாகிக்கொண்டு போகும். ஆரம்பத்தில் நோவு நொடி எதுவும் தெரியாது. கால் வீங்கி, பசி கெட்டு ஆள் வைத்தியசாலைக்கு வரும்போது பாதிக்கு மேல் போயிருக்கும். மத்திய அமெரிக்காவில் எல் சல்வடோர், நிக்கரகுவா கரும்புத் தோட்டத் தொழிலாளரிடமும், ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதற்கு நெருங்கிய நோய் இருக்கிறது. கடினத் தண்ணீரும் புளோரைட்டும் என்கிறார் ஒருவர், கட்மியம் என்கிறார் இன்னொருவர், ஆசனிக்கு, களைநாசினி, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் மாய்வது என்று பட்டியல் நீள்கிறது. கிளைபோசேற் என்ற களைநாசினியை 2015இல் நாடு முழுவதும் தடை செய்தும் பார்த்தாயிற்று, பிறகு தளர்த்தியும் ஆயிற்று. எல்லோரும் ஒத்துக்கொள்ளும் காரணம் இன்றுவரை இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு செய்து 2013இல் வெளியிட்ட பெரிய ஆய்வு அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் நோயைத் தேடியது. மதவாச்சியைத் தாண்டி ஏ9 வீதியில் வடக்கே வந்தால் வவுனியா. பதவியாவுக்கு வடக்கே காட்டைக் கடந்தால் நெடுங்கேணிப் பக்கம். அதே வறண்ட நிலம், அதே மாதிரிக் குளத்துப் பாசனம், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படை கட்டும் அதே கிணற்றுத் தண்ணீர். அதற்கு முன்பு, ஆய்வாளர்கள் பதவியாவில் விவசாயிகளைச் சோதித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் பக்கம் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஏ9 கூட 2006 ஓகஸ்டில் மூடப்பட்டுவிட்டது. யாரும் வரவில்லை, வரவும் முடியாது, அதற்காக யாரையும் குறை சொல்லவும் இல்லை. பிறகு வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் நோயாளிகள் இனங்காணப்பட்டார்கள். ஆனால் எவ்வளவு பேர், எந்தக் கிராமங்களில், எந்த வேலை செய்பவர்கள் என்ற விபரத்துக்கு நாங்கள் இன்னும் அடுத்த மாகாணத்து ஆய்வுகளைத்தான் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் திட்டம் பெரிதாக ஒன்றும் இல்லை. வவுனியா வடக்கிலும் ஒட்டுசுட்டானிலும் சில கிராமங்களில், வயலில் கூலிக்குப் போகிறவர்களை ஒரு காலபோகமும் (மழைக்காலப் பயிர்ப் பருவம்) ஒரு சிறுபோகமும் (வெயில்காலப் பருவம்) தொடர்ந்து பார்ப்பது. வேலைக்குப் போகுமுன் ஒரு சிறுநீர், வந்த பிறகு ஒன்று. வரம்பில் கருவி வைத்து வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளப்பது. அவர்கள் குடிக்கும் கிணற்றைச் சோதிப்பது. போகத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இரத்தம் எடுத்து, சிறுநீரகத்தில் என்ன மாற்றம் என்று பார்ப்பது. நான் சுற்றாடல் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். என்னோடு வன்னி வைத்தியசாலை ஒன்றின் பொது வைத்திய நிபுணர் ஒருவரும், யாழ்ப்பாணத்திலிருந்து சிறுநீரக நோயை அறிந்த ஒருவரும் இணை ஆய்வாளர்களாகக் கையெழுத்திட்டிருந்தார்கள். நெறிமுறை அனுமதிக்கு யாழ்ப்பாணத்து மருத்துவ பீடத்தை அணுகுவதாகவும் எழுதியிருந்தோம். உங்கள் மீளாய்வுக் குறிப்புகளில் அந்த இருவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சரி, உங்கள் குறைகளுக்கு வருகிறேன்.

அடிப்படைத் தரவு போதாது, கடந்த காலப் பதிவேடுகளிலிருந்து நோய்ப் பரவலைக் காட்டியிருக்க வேண்டும் என்கிறீர்கள். எந்தப் பதிவேடு? சண்டை நெருங்க, 2008 இறுதியில் கிளிநொச்சி வைத்தியசாலை தர்மபுரத்துக்கு இடம்பெயர்ந்தது. பிறகு உடையார்கட்டு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று பாடசாலைகளிலும் தறப்பாள்களுக்குக் கீழும் வைத்தியசாலை நடந்தது. காயக்காரரைத் தூக்கவே ஆள் இல்லாத நாட்களில் கிளினிக் கொப்பிகளை யார் சுமந்து வந்திருப்பார்கள்? சனமும் வெறுங்கையோடுதான் வந்தது. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. அதுவரை இன்ன ஊர், இன்ன கிணறு என்று சொல்ல முடியாமல் வாழ்ந்தவர்களின் பத்தாண்டு நோய் வரலாறு எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதை எழுதத் தொடங்குவதற்குத்தான் காசு கேட்டோம்.

அடுத்தது, நிறுவனம் கடந்த 10 ஆண்டுகளில் பெற்ற ஆய்வு நிதியின் விபரம். வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி. உங்கள் படிவத்தில் அந்தக் கட்டத்தை நேர்மையாக நிரப்பினால் பெரும்பகுதி வெற்றிடம்தான், அந்த வெற்றிடத்துக்குப் புள்ளி குறைகிறது. மருத்துவ பீடம் இல்லை என்பதற்கும் குறைகிறது. வட மாகாணம் முழுவதற்கும் மருத்துவ பீடம் ஒன்றே ஒன்று, 1978இல் தொடங்கியது, அது யாழ்ப்பாணத்தில். உங்கள் அளவுகோலின்படி வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்ற நான்கு மாவட்டங்களில் இருந்துகொண்டு ஒருவர் சுகாதார ஆய்வுக்குத் தலைமை தாங்கவே முடியாது. விதியை எழுதியவர்கள் இதை யோசித்து எழுதினார்கள் என்று நான் நினைக்கவில்லை. யோசிக்காமல் எழுதியது என்றால் திருத்துவது சுலபம்.

மைனஸ் 80 பாகை உறைபெட்டி இல்லாத ஆய்வுகூடம் என்று ஒரு மீளாய்வாளர் குறித்திருந்தார். இல்லைத்தான். அதை வாங்க வரவுசெலவில் போட்டிருந்த வரியை, உபகரணச் செலவு உச்சவரம்பைத் தாண்டுகிறது என்று இன்னொரு மீளாய்வாளர் வெட்டியிருந்தார். இரண்டு குறிப்புகளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. யாராவது ஒருவர் இரண்டையும் சேர்த்து வாசித்திருக்கலாம்.

இவற்றையெல்லாம் அலுவலகத்துப் பழக்கம் என்று விட்டுவிட்டிருப்பேன். விட முடியாதது சிஸ்டற்றின் சி என்ற இரத்தச் சோதனை பற்றிய குறிப்பு. "வழமையான கிரியற்றினின் சோதனை போதுமானது; மேலதிகச் செலவு அவசியமற்றது" என்று எழுதி அந்த வரியை முழுவதுமாக நீக்கச் சொல்லியிருந்தீர்கள். அது ஏன் அவசியம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் யார் எங்கிருந்து ஆய்வை நடத்துகிறார்கள் என்ற கேள்வியே இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிய வைத்தியசாலைகளில் இரத்தத்திலுள்ள கிரியற்றினினை அளக்கிறார்கள். அது தசையிலிருந்து வருகிற கழிவு. சிறுநீரகம் சரியாக வடிக்காவிட்டால் இரத்தத்தில் கூடும். அந்த அளவை ஆளின் வயதோடும் ஆணா பெண்ணா என்பதோடும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டால் வடிகட்டும் வேகம் கிடைக்கும். அது (நிமிடத்துக்கு இத்தனை மில்லிலீற்றர் என்ற கணக்கில்) 60க்குக் குறைந்து, மூன்று மாதங்களுக்கு மேலாக அப்படியே இருந்தால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று கொள்கிறார்கள். இதுவரை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அந்தச் சூத்திரம், அந்த வயது ஆளுக்கு வழக்கமாக இருக்கக்கூடிய தசை இவருக்கும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் பார்க்கிறது. ஒரு கால் தொடையோடு போனவருக்கு அந்தத் தசை இல்லை. கிரியற்றினின் குறைவாகத்தான் ஊறும். சூத்திரம் அதைப் பார்த்து, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடும், உள்ளே கெட்டுக்கொண்டிருந்தாலும். சிஸ்டற்றின் சி உடம்பின் உயிரணுக்கள் எல்லாவற்றிலிருந்தும் வருவது, தசையை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. கை கால் இழந்தவர்களுக்கு, மெலிந்தவர்களுக்கு அதை அளப்பது நல்லது என்பது சிறுநீரக மருத்துவத்தில் புதுக் கதை அல்ல. விலை பல மடங்கு என்பது உண்மை. அதனால்தான் எல்லோருக்கும் கேட்காமல், தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் கேட்டிருந்தோம்.

கொழும்பில் இருந்து ஆய்வுத் திட்டம் எழுதுகிறவருக்கு இது தோன்றாமல் போகலாம். ஒரு பங்குபற்றுனர் பட்டியலில் அவயவம் இழந்தவர் ஒருவரோ இருவரோ இருந்தால் அவர்களை நீக்கிவிட்டுக் கணக்குப் பார்ப்பார்கள், அதுதான் வழக்கம். எங்கள் கிராமங்களில் அவர்களை நீக்கினால் ஊரின் ஒரு பகுதியையே நீக்கிவிடுவோம். செல்லடியிலும் மிதிவெடியிலும் கால் போனவர்கள் இங்கே வீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை. செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு களை பிடுங்கப் போகிறார்கள், கச்சான் ஆயப் போகிறார்கள், உழவு இயந்திரமும் ஓட்டுகிறார்கள்.

ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஓர் அம்மா. முழங்காலுக்கு மேலே ஒரு கால் இல்லை. வேலைக்குப் போகும்போது செயற்கைக் காலுக்குள் வியர்வை தேங்கித் தோல் உரியும் என்பதால் நடுப்பகலில் அதைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, இருந்து அரக்கி அரக்கிக் களை பிடுங்குவார். தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை. குடித்தால் அடிக்கடி எழும்பிப் பற்றைக்குப் போக வேண்டும், ஒற்றைக் காலோடு அது பெரும்பாடு. எங்களிடம் இருந்த சொற்பக் காசில் சிலருக்குச் சோதித்துப் பார்த்தபோது அவருடைய கிரியற்றினின் கணக்கில் பிழை எதுவும் தெரியவில்லை. கிளினிக்கிலும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சிஸ்டற்றின் சி கணக்கில் அவர் 60க்குக் கீழே. ஓர் ஆளை வைத்துப் பொது முடிவு எழுத நான் வரமாட்டேன். இரண்டாவது சோதனையும் மூன்று மாதம் கழித்துச் செய்யவேண்டும். ஆனால் இவரைப் போல எத்தனை பேர் "சுகம்" என்ற பட்டியலில் இருக்கிறார்கள் என்று கேட்பது நியாயமான ஆய்வுக் கேள்வி. அவர் வெயிலில் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்பதும் அந்த நோயின் காரணங்களைத் தேடுகிறவர்களுக்கு வேண்டிய தகவல். உங்கள் மீளாய்வாளர் அவசியமற்றது என்று வெட்டியது இந்தக் கேள்வியைத்தான்.

களப் பங்காளி என்ற பதவிக்கும் வருகிறேன். அது எங்களுக்குத் தெரியாத பதவி இல்லை. கடந்த ஆண்டுகளில் வெளியிலிருந்து வந்த ஆய்வுக் குழுக்களுக்குக் கிராம சேவையாளரை அறிமுகப்படுத்தியது நாங்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு (பி.எச்.ஐ.) பேசி மண்டபம் எடுத்துக் கொடுத்தது நாங்கள், மொழி தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் நின்று பேசியது எங்கள் மாணவர்கள். கட்டுரை வெளிவந்தபோது சில வேளை நன்றியுரையில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. அதுவும் போகட்டும். இரத்தம் கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

நெடுங்கேணிப் பக்கத்து ஐயா ஒருவரிடம் எங்கள் ஒப்புதல் படிவத்தை நீட்டியபோது அவர் எழும்பி உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்துவந்தார். அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகம், உர மானியத் துண்டு, அவற்றுக்கு இடையில் சின்னச் சின்ன அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆய்வின் இலக்கம். ஒன்றில் கோட்டுக் குறியீடு ஒட்டியிருந்தது, ஒன்றில் பேனாவால் எழுதியிருந்தது, ஒன்று மழையில் ஊறி எழுத்துக் கலைந்திருந்தது. முடிவு எழுதிய தாள் ஒன்றுமே இல்லை. "நம்பர் எல்லாம் பத்திரமா வைச்சிருக்கிறன், பிள்ளை" என்றார். "ஆனா எனக்கு வருத்தம் இருக்கோ இல்லையோ எண்டு வந்தவை ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்களாவது சொல்லுவியளோ?"

நாங்கள் சொல்லாமல் தப்ப முடியாது. அதுதான் வித்தியாசம். அவருடைய பேத்தி எங்கள் பீடத்தில் படிக்கிறாள். நான் வவுனியாச் சந்தைக்குப் போனால் அந்த ஊர்க்காரர் யாராவது முன்னால் வருவார். மாதிரியை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வாகனம் ஏறிப் போய்விடுகிறவர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆய்வின் பொறுப்புக்கூறல் என்று உங்கள் வழிகாட்டியில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது, நான் வாசித்தேன். கணக்கறிக்கை, முன்னேற்ற அறிக்கை, வெளியீட்டுப் பட்டியல் எல்லாம் உங்களுக்குத் தரவேண்டும். பங்குபற்றியவருக்கு அவருடைய சோதனை முடிவை அவருக்கு விளங்கும் மொழியில் தரவேண்டும் என்று ஒரு வரி தேடினேன், இல்லை.

கொழும்பு, பேராதனை, களனி ஆய்வாளர்களோடு எனக்குப் பகை எதுவும் இல்லை. அவர்கள் எழுதியவற்றை வைத்துத்தான் நான் வகுப்பு எடுக்கிறேன். அவர்களோடு சேர்ந்து வேலை செய்யவும் ஆசைதான். எந்த ஏற்பாட்டில் சேருவது என்பதுதான் பிரச்சினை.

நேர்முகத்துக்குக் கொழும்புக்குக் கூப்பிட்டீர்கள், இரவு பஸ்ஸில் வந்து காலையில் உங்கள் முன்னால் இருந்தோம். அதில் முறைப்பாடு இல்லை, பழகிவிட்டது. அங்கே ஓர் உறுப்பினர், மாதிரிகளை இங்கே அனுப்பினால் எல்லாம் நாங்களே செய்யலாமே என்று கேட்டார். 250 கிலோமீற்றர் தூரம். எடுத்த இரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். வெயிலுக்குள் எடுத்த மாதிரியை மீன் வியாபாரியிடம் வாங்கிய ஐஸில் வைத்துக்கொண்டு நாங்கள் ஓட்டோவில் ஓடிய கதையைச் சொன்னேன், சிரித்தார்கள். சிரிப்புக்கு மேல் அதில் ஒரு வாதம் இருந்தது, மாதிரி எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆய்வுகூடம் வேண்டும் என்ற வாதம். அது உங்கள் குறிப்புகளில் ஏறவில்லை.

பருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி முதல் தவணை பல்கலைக்கழகக் கணக்குக்கு வர ஆண்டின் நடுப்பகுதி தாண்டிவிடும். அதன் பிறகு விலைமனு கோரி, சோதனைப் பொருட்கள் கைக்கு வரும்போது ஒக்டோபர். ஒக்டோபரில் எங்களுக்கு மழை தொடங்குகிறது. சனம் விதைப்பில் நிற்கும், சில ஊர்களுக்குப் பாதையே இருக்காது. நாங்கள் அளக்க வேண்டிய வெயிலோ மே முதல் ஓகஸ்ட் வரை, சிறுபோகத்தில். வெயில் இருக்கும்போது காசு இல்லை, காசு வரும்போது வெள்ளம், செலவழிக்காத காசு டிசம்பரில் திரும்பிப் போக வேண்டும். செலவழிக்கத் தெரியாதவர்கள் என்ற பெயரும் அதோடு சேர்ந்து அடுத்த விண்ணப்பத்துக்கு வரும். பங்குபற்றுகிறவருக்கு ஒரு நாள் கூலி கொடுப்பதை ஆசை காட்டுதல் என்று வெட்டியதும் இந்த வகைதான். அரை நாள் எங்களோடு நின்றால் அவருக்கு அன்றைய கூலி இல்லை. அதை ஈடு செய்வதில் என்ன ஆசை காட்டுதல்?

நாட்டில் ஆய்வுக்குப் பணம் குறைவு என்பது தெரியும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 வீதத்தை ஒட்டிய தொகைதான் ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் போகிறது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். நான் கேட்பது அகப்பை எப்போதும் ஒரே கைகளில் இருப்பதைப் பற்றி.

உங்களிடம் இவற்றைக் கேட்கிறேன்.

எங்கள் விண்ணப்பத்தை, குறிப்பாகச் சிஸ்டற்றின் சி பற்றிய பகுதியை, சிறுநீரக மருத்துவம் தெரிந்த ஒருவரிடம் மீண்டும் கொடுத்து மீளாய்வு செய்யுங்கள். அவர் தேவையில்லை என்று காரணத்தோடு எழுதினால் நான் ஏற்றுக்கொள்கிறேன். காரணம் இல்லாத ஒரு வரியை ஏற்க மாட்டேன்.

மருத்துவ பீடம் வேண்டும், 10 ஆண்டு நிதி வரலாறு வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் தகுதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். குழுவில் யார் இருக்கிறார்கள், நெறிமுறை அனுமதி எங்கிருந்து, மாதிரிகளை எப்படிப் பாதுகாக்கப் போகிறார்கள் என்று பாருங்கள். அது போதும். ஆய்வுகூட வசதி இல்லை என்று புள்ளி குறைப்பதாக இருந்தால், அந்த வசதியை உருவாக்கும் செலவுக்கு உச்சவரம்பு வைக்காதீர்கள். இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாது.

வன்னியிலிருந்து மாதிரி எடுக்கும் எந்த ஆய்வுக்கும், அது எங்கிருந்து நடத்தப்பட்டாலும், இங்குள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவர் இணைப் பிரதான ஆய்வாளராக இருக்க வேண்டும், நிதியில் ஒரு பங்கு அவருடைய நிறுவனத்தின் கணக்குக்கு நேரே வரவேண்டும் என்று விதி எழுதுங்கள். மலையகத்துக்கும் கிழக்குக்கும் இதே விதி பொருந்தும். பங்குபற்றியவர்களுக்கு அவரவர் முடிவை அவரவர் மொழியில் கொடுத்ததற்கான அத்தாட்சி இல்லாமல் கடைசித் தவணையை விடுவிக்காதீர்கள். ஏற்கெனவே உங்கள் நிதியில் எங்கள் கிராமங்களில் நடந்து முடிந்த ஆய்வுகளின் தனிநபர் முடிவுகளையும், உரியவர்களின் சம்மதத்தோடு, பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். அந்த ஐயாவின் பையில் உள்ள இலக்கங்கள் இன்னும் உங்கள் கோப்புகளில் எங்கோ இருக்கும்.

காசை நாட்காட்டிப்படி விடாமல் போகத்தின்படி விடுங்கள், அல்லது மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதியுங்கள். கூலி இழப்பு ஈட்டை நெறிமுறைக் குழுவின் தீர்மானத்துக்கு விடுங்கள், அது உங்கள் கணக்குக் கிளையின் வேலை அல்ல. தெரிவுக் குழுவில் வடக்கிலோ கிழக்கிலோ கள ஆய்வு செய்த ஒருவரையாவது சேருங்கள்.

எங்கள் விண்ணப்பத்துக்கு ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை புள்ளி கிடைத்தது என்பதையும், மேலே கேட்டவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்பதையும் அடுத்த விண்ணப்ப அழைப்பு வெளியாகுமுன் எழுத்தில் தாருங்கள். தமிழில் தந்தால் கிராமங்களில் வாசித்துக் காட்ட எனக்கு வசதி. பதிலை இந்த மடலைப் போலவே எல்லோரும் வாசிக்கும்படி வெளியிடுவேன்.

சுற்றாடல் விஞ்ஞான விரிவுரையாளர் ஒருவர்,
வவுனியா